தாடையால் கேட்டவர்

ஜவ்வாது மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பள்ளிக்கு நான் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சத்தம் என்று சொல்வதுகூட அதிகம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சல்லடைக் கம்பியை நகத்தால் சுரண்டுவதுபோல இருந்தது. விளக்கேற்றும் நேரத்தில் தொடங்கும், நான் சோறு வடித்து இறக்கும்வரை நடக்கும். எலி என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஆனால் எந்த எலியும் நடுவில் தடுமாறிவிட்டு மறுபடி முதலிலிருந்து சுரண்டாது.

உப்பு கேட்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சுகாதார நிலையத்து நர்ஸின் வீடு அது. கதவு திறந்திருந்தது. நாற்பது வயதைத் தொட்ட ஒரு பெண், வேலைக்குப் போன வெள்ளைக் கவுனைக்கூட மாற்றாமல் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு கிடாரை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். வயிறு குடைந்த சாதாரணக் கிடார் அல்ல. முழுக்கட்டையில் செதுக்கிய மின்சாரக் கிடார். மின்சாரம் இல்லாவிட்டால் அது ஊமை. அதனால் அவர் கழுத்தைச் சாய்த்து, கிடாரின் தோள்பட்டை மரத்தில் தாடையை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பவர் மாதிரி இருந்தது.

நான் நிற்பது தெரிந்ததும் எழுந்திருக்கவில்லை. வந்து உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. "மோவாய இங்க வெச்சுப் பாருங்க டீச்சர். எலும்பு வழியா ஏறும்," என்றார். நான் தயங்கித் தயங்கிக் குனிந்து வைத்தேன். அவர் ஒரு தந்தியை மீட்டினார். பல் கூசியது. பிறகு தலைக்குள் எங்கோ பின்பக்கத்தில் ஒரு பெரிய ஒலி எழுந்து மெல்ல அடங்கியது.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

"நல்லா இருக்காதே. தந்தி துருப்பிடிச்சிருக்குது," என்றார். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய் உப்பு கொடுத்தார்.

அவர் அப்படித்தான். நன்றாக இல்லாத ஒன்றை நன்றாக இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. எதிரில் இருப்பவரைப் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணம் துளியும் இருக்காது. கேட்ட கேள்வியை எடுத்து, தரையைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, உள்ளே என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து நீட்டுவார். வாங்கிக்கொள்கிறவர் பாடுதான் சிரமம்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் பழக்கியிருந்தேன். தலைமையாசிரியர் அவரை விருந்தினராக அழைத்து, பிள்ளைகளைப் பாராட்டி நாலு வார்த்தை பேசச் சொன்னார். அவர் எழுந்து, பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், பாட்டுதான் சரியில்லை, அவர்கள் தொண்டைக்கு எட்டாத உயரத்தில் தொடங்கிவிட்டார்கள், கொஞ்சம் இறக்கி எடுத்திருந்தால் பாடியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைமையாசிரியர் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. நானும் சில நாள் முகம் கொடுக்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எரிச்சலைக் கூட்டியது.

பேசாமல் இருந்துவிடலாமே சிஸ்டர் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"பேசாமத்தான் இருக்கிறேன் டீச்சர். அவங்கதான் கேக்கிறாங்க," என்றார்.

ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் பிறந்தவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அப்பா எஞ்சின் டிரைவர். வீட்டுக்குள் ஆங்கிலம், வாசலுக்கு வந்தால் எங்கள் பக்கத்துத் தமிழ். காலனியில் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசிக்கும் குழு ஒன்று இருந்தது. அதில் கிடார் வாசித்த இவருடைய அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியபோது கிடாரைத் தங்கையிடம் விட்டுப் போனார். அப்போதெல்லாம் காலனியில் அதுதான் பேச்சு. யார் போய்விட்டார்கள், யாருக்கு வெளிநாடு போகக் காகிதம் வந்திருக்கிறது, யார் வீட்டைப் பூட்டப்போகிறார்கள் என்றுதான் பேசுவார்கள். அண்ணன் இடத்தில் இவர் வாசித்தார். பெண் வாசிக்கிறாள் என்று அரக்கோணத்திலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்களாம். பார்க்கத்தான் வந்தார்கள், கேட்க வரவில்லை என்பார்.

கல்யாணமும் ஆகியிருந்தது. அதைப்பற்றி ஒரே ஒரு முறைதான் சொன்னார். கணவர் ஒருநாள், என்னோடு சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல் யோசித்துவிட்டு, பாதி நாள் இருக்கிறேன் என்றிருக்கிறார். அந்தப் பாதி நாள் கணவருக்குப் போதவில்லை. மலைக்கு யாரும் வர விரும்பாத அந்த வேலையை இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது அதற்குப் பிறகு.

சுகாதார நிலையத்துக்கு மின்சாரம் வந்திருந்தது. வந்திருந்தது என்றால் கம்பி வந்திருந்தது. பகலில் சில நேரம் அதில் உயிர் இருக்கும். அப்படி உயிர் வரும் சனி, ஞாயிறு மதியங்களில் அவர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து கிடாரைச் சொருகுவார். பழைய ரேடியோ வால்வுகளைப் போட்டுக் காலனியில் யாரோ கட்டிக்கொடுத்த பெட்டி. வால்வு சூடாகி ஆரஞ்சு நிறம் பிடிக்கும்வரை காத்திருப்போம். முதலில் ஒரு இரைச்சல் வரும், மூடிய டப்பாவுக்குள் வண்டு பறக்கிற மாதிரி. அதன்மேல்தான் அவர் வாசிக்க வேண்டும். வாசித்தாலும் அந்தச் சத்தம் மெல்லியதாக, கூர்மையாக, தகரத்தில் ஆணி கீறுவதுபோல வரும். இரண்டு வரி வாசித்துவிட்டுச் சொருகியைப் பிடுங்கிவிடுவார்.

கோளாறு எங்கே என்று எனக்குக் காட்டினார். தந்திகளுக்குக் கீழே, உடம்பில் பதித்த ஒரு சின்னப் பெட்டி. அதற்குப் பெயர் பிக்கப். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. தந்தி அதிர்வதை அதுதான் மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. கிடாருக்கு அதுதான் காது. இந்தக் கிடாருக்கு மட்டமான காது. ஒற்றைச் சுருள், அதனால் மலை மின்கம்பியில் வரும் அழுக்கையெல்லாம் சேர்த்துக் கேட்கிறது, தந்தியின் அடிக்குரலை மட்டும் விட்டுவிடுகிறது.

அவருக்கு வேண்டியிருந்தது ப்ளூஸ் வாசிக்கக் கனமான ஒரு குரல். ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்டேன். அழுகைப் பாட்டா என்றேன்.

"அழுவுற பாட்டு இல்ல டீச்சர். அழுது முடிச்சிட்டு, மூஞ்ச தொடச்சிக்கினு வந்து உக்காருவாங்க பாருங்க. அப்போ பேசுவாங்க இல்ல, அந்தப் பேச்சு," என்றார். "அது கீச்சுக் கொரல்ல வராது."

அந்த வருடம் மழை முடிகிற சமயத்தில் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து காலனிக்கு ஒருவர் வந்தார். தன் பெற்றோரை அழைத்துப்போக வந்தவர். அவரிடம் அண்ணன் இரண்டு பிக்கப்புகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டில் பிடித்ததை வைத்துக்கொள், மற்றதைப் பழைய டிரம்மரின் மகனுக்குக் கொடுத்துவிடு என்று சொல்லியனுப்பினாராம். இன்னொரு செய்தியும் வந்தது. இவருடைய அம்மாவுக்கும் தங்கைக்கும் அங்கே போகக் காகிதம் கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் புறப்படுகிறார்கள். கிறிஸ்துமஸ் நடனத்துக்குப் பழைய குழுவில் மிச்சமிருப்பவர்கள் கடைசியாக ஒருமுறை வாசிப்பது என்று முடிவாகியிருக்கிறது. இவரும் வர வேண்டும்.

நீங்களும் போகலாமே சிஸ்டர் என்றேன். அண்ணன் பல தடவை கூப்பிட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

"அங்க எனக்கு யாரும் இல்லியே," என்றார்.

அண்ணன் இருக்கிறார், இப்போது அம்மாவும் தங்கையும் போகிறார்கள், அப்படியிருக்க இப்படிச் சொன்னால் எப்படி என்றேன். இங்கே மட்டும் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டேன்.

தரையைப் பார்த்தார். "இங்கயும் இல்ல. ஆனா இங்க இல்லன்னு பழகிடிச்சு," என்றார்.

ஜோலார்பேட்டையிலிருந்து சாமானை எடுத்துவரும் வேலை சுகாதார நிலையத்து ஜீப் டிரைவருக்கு. அம்மா வீட்டில் இரண்டு பிக்கப் இருக்கிறது, திருப்பத்தூர் போகும்போது அப்படியே வாங்கி வாருங்கள் அண்ணா என்று இவர் சொல்ல, அவர் குழம்பிப்போனார்.

"இந்த ஜீப்புக்கே பிக்கப் இல்லீங்க சிஸ்டர். மேட்டுல ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது. ரெண்டுல ஒண்ணு வண்டிக்குப் போட்டுக்கலாமுங்களா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்காமல், அது வேறு இது வேறு என்று காந்தம், கம்பி எல்லாம் அவருக்கு விளக்கினார். திரும்பி வந்த டிரைவர் காகிதப் பொட்டலத்தை நீட்டி, சோப்புக் கட்டி அளவுகூட இல்லை, இதற்கா இவ்வளவு என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

ஒன்றுக்குக் கறுப்பு மூடி, ஒன்றுக்கு வெள்ளி நிற மூடி. இரண்டுமே இரட்டைச் சுருள். ஒரு சுருளுக்குள் ஏறும் இரைச்சல் மற்றதில் தலைகீழாக ஏறும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வண்டு செத்துவிடும். கறுப்பு மூடிக்குள் முரட்டுக் காந்தம், கம்பிச் சுற்றும் அதிகம். வெள்ளி மூடிக்குள் பழைய காலத்துச் சாதுக் காந்தம். கனமான குரலுக்குக் கறுப்புத்தான் என்று பொட்டலத்தைப் பிரித்தவுடனே எனக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் இரட்டைச் சுருள் அகலமானது. பழைய குழிக்குள் உட்காராது. பள்ளித் தச்சு வகுப்பிலிருந்து நான் உளி வாங்கிக் கொடுத்தேன். கழுத்தை ஒட்டிய அந்தக் குழியை அகலப்படுத்தினால் போதும், அடிக்குரல் அங்கேதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அண்ணன் விட்டுப்போன அந்தக் கிடாரின் உடம்பை அவரே செதுக்கினார். முதல் சீவல் விழுந்தது. மரத்தை வெட்டிவிட்டால் மறுபடி ஒட்ட முடியாதே என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த சீவலை எடுத்தார். ஈயம் பற்றவைக்கும் இரும்பைத் திரி ஸ்டவ்வில் காய்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒயர்களை ஒட்டினார்.

பாதி ஒட்டிய நிலையில்தான் நிலையத்துக்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மேட்டு ஊரிலிருந்து வந்தவர்கள். தலைப்பிரசவம், எட்டாம் மாதம். இரண்டு நாளாகப் பிள்ளை அசையவில்லை என்றார்கள். இவர் மரக்குழலை எடுத்து அவள் வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினார். இடத்தை மாற்றி மாற்றிக் கேட்டார். வெளியே நின்ற நான் உள்ளே எட்டிப் பார்த்தபோதும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் ஆளாளுக்கு, ஒன்றும் இல்லை, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகிவிடும் என்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டார். ஏறப்போகும் சமயத்தில் அந்தப் பெண் இவர் கையைப் பிடித்து, என் பிள்ளைக்கு என்ன என்று கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது என்று அன்று நினைத்தேன்.

"சத்தம் இல்லம்மா," என்றார் இவர். "எனக்குக் கேக்கல. உன்னைக் காப்பாத்தத்தான் கீழ அனுப்புறேன்."

அவள் புருஷன் வீட்டுக் கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். வாயை வைத்துவிட்டாள், இவள் வாயால்தான் என் பேரப்பிள்ளை போயிற்று என்று கத்தினாள். இவர் ஜீப்பில் ஏறி அந்தப் பெண்ணோடு கீழே போனார். அவள் பிழைத்தாள். பிள்ளை எப்போதோ போயிருந்தது.

அதன்பிறகு மேட்டு ஊரிலிருந்து யாரும் நிலையத்துக்கு வரவில்லை. தடுப்பூசிப் பெட்டியோடு இவர் நடந்து போனால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். இவர் போவதை நிறுத்தவில்லை. போவார், வேப்பமரத்தடியில் உட்காருவார், கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். சாயங்காலம் பாதியில் நின்றதை எடுத்து ஒட்டுவார்.

கறுப்பு மூடியை மாட்டி முதல்முறை வாசித்த சனிக்கிழமை எனக்கு நினைவிருக்கிறது. என்னை வெளியே பலாமரத்தடியில் உட்காரச் சொன்னார். கிட்டே இருந்தால் அவர் முகத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன், தள்ளியிருந்தால்தான் காது வேலை செய்யும் என்றார். வண்டு இல்லை. அடுத்த நொடி கூடத்திலிருந்து ஒரு உறுமல் புறப்பட்டது. பள்ளத்தில் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கழியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளி மூடி. அதே வரிகளை வாசித்தார். இது அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் வேறு மாதிரி இருந்தது.

எது என்றார். இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நல்லா இருக்குதுன்னு சொல்லாதீங்க டீச்சர். அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? இன்னா மாதிரி இருக்குதுன்னு சொல்லுங்க."

மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. கறுப்பு, கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஒரு ஆள் கோபமாகப் பேசுவது மாதிரி இருக்கிறது, வெள்ளி, பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கட்டின குரலில் பேசுவது மாதிரி இருக்கிறது என்றேன். அவர் தலையசைத்தார்.

ஆனாலும் கறுப்பைத்தான் மறுபடி மாட்டினார். நடன மண்டபத்தில் கூட்டம் இருக்கும், டிரம் அடிப்பவர் பலமாக அடிப்பார், அங்கே தொண்டை கட்டின குரல் எடுபடாது என்றார். பிக்கப்பின் திருகாணிகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். தந்திக்கு ரொம்ப நெருக்கமாக ஏற்றினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து, ஒலி பாதியில் செத்துவிடும். இறக்கினால் உறுமல் குறையும். டிசம்பர் குளிரில் விரல் விறைக்க விறைக்க இதையே செய்துகொண்டிருந்தார்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது மேட்டு ஊர்ப் பெண் வந்தாள். பிள்ளையை இழந்தவள். தனியாக வந்திருந்தாள். ஒரு சின்ன மூட்டை சாமை அரிசியை வாசற்படியில் வைத்துவிட்டு, தூணோடு ஒண்டி உட்கார்ந்தாள். இவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னம்மா என்றார்.

"மத்தவங்க எல்லாம் ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க," என்றாள் அவள். "நீ ஒருத்திதான் நெசத்தச் சொன்ன. இல்லன்னா கீழ போற வரைக்கும் வவுத்தத் தடவிக்கினு பேசிக்கினே போயிருப்பேன். வழியெல்லாம் அழுவ விட்ட."

இவர் கிடாரை மடியில் இழுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்காகத்தான் வாசிக்கத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். மிக மெதுவாகத் தொட்டார். ஆனால் கறுப்புப் பிக்கப்புக்கு மெதுவாகத் தொடுவது தெரியாது. எப்படித் தொட்டாலும் உறுமியது. அவள் மிரண்டு தூணை இன்னும் ஒட்டிக்கொண்டாள். இவர் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். குறைத்ததும் கனம் போய்விட்டது, வெறும் கம்பிச் சத்தம்தான் மிஞ்சியது. கொஞ்சம் கூட்டினார், மறுபடி உறுமல். விட்டுவிட்டார். சொருகியைப் பிடுங்கிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருட்டும் முன் வீடு சேர வேண்டும் என்று அவள் எழுந்து போகும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் போனதும் ஸ்டவ்வைப் பற்றவைத்து இரும்பைக் காய்ச்சினார். கறுப்பைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார்.

"ஒரு ஆளுக்கு வாசிக்க முடியலன்னா அது இன்னா கொரல் டீச்சர்?" என்றார் ஒயரை ஒட்டிக்கொண்டே. "மெதுவாத் தொட்டா மெதுவா வரணும். அப்பவும் கனம் இருக்கணும்."

கூட்டத்தில் எடுபடாதே என்று நினைவூட்டினேன். எடுபடாது என்று ஒப்புக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு என்னையும் ஜோலார்பேட்டைக்கு அழைத்துப் போனார். காலனியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மண்டபத்தில் மட்டும் வண்ணக் காகிதத் தோரணமும் சிரிப்பும் கேக் வாசனையுமாக இருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த பழைய டிரம்மர் இவரைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினார். இளவட்டங்களுக்கு வேகமான பாட்டு வேண்டியிருந்தது. குழு வேகமாகவே வாசித்தது. இவரும் கூட வாசித்தார். வெள்ளி மூடிப் பிக்கப்பின் சாந்தமான குரல் டிரம் சத்தத்தில் அமிழ்ந்துதான் போயிற்று.

சாப்பாட்டுக்கு முன் கடைசிப் பாட்டை இவருக்கு விட்டார்கள். மெதுவான ப்ளூஸ். டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு, கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை எடுத்துத் தோலை வருடினார். இவர் முதல் தந்தியைத் தொட்டார்.

மலையில் அத்தனை வாரம் கேட்ட எனக்கே அது புதிதாக இருந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் நாற்காலியின் கைப்பிடியில் அது ஏறி என் முழங்கை வரை வந்தது. ஒரு சுரம் முழுவதும் அடங்குவதற்கு இடம் விட்டு அடுத்ததைத் தொட்டார். நடுவில் ஒருமுறை அழுத்தி இழுத்தார், குரல் உடைந்து, உடைந்தபடியே நின்றது. ஆட இது தோதுப்படவில்லை என்று ஜோடிகள் ஒவ்வொன்றாகத் தளத்தை விட்டு நகர்ந்தன. பிறகு சாப்பாட்டு மேசைப் பக்கம் கூட்டம் போனது. தட்டுகளின் ஓசை கேட்டது. முடிக்கும்போது எதிரில் இருந்தது சில கிழவர்களும், நானும், முன்வரிசையில் முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவும்தான். அவர் யாரையும் பார்க்கவில்லை. கடைசிச் சுரம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கையை எடுத்தார்.

அம்மா அருகே அழைத்து அவர் கன்னத்தைத் தொட்டார். ஆங்கிலத்தில் மெல்லப் பேசினார். எனக்குப் புரிந்த ஆங்கிலம்தான். நாங்கள் போன பிறகு அந்த மலையில் நீ நன்றாக இருப்பாயா என்று கேட்டார்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வரப்போகும் பதில் எனக்குத் தெரியும். புறப்படுகிற அந்த வயதான பெண்மணி அதை எப்படித் தாங்குவார் என்று பயமாக இருந்தது. இவர் வழக்கம்போல் தரையைப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருப்பேன் மம்மி," என்றார் தமிழில். "எனக்கு அங்க இன்னா கொறச்சல்."

பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத மகள். அதனால் அம்மா நம்பிவிட்டார். நிம்மதியாக மூச்சு விட்டு, அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சாப்பிடப் போகலாம் என்று எழுந்தார்.

மலைக்குத் திரும்பும் வழியில் அதைப்பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மாவும் தங்கையும் ரயில் ஏறிய நாளில் அவர் விடுப்பு எடுத்து வழியனுப்பப் போனார். அன்றே திரும்பிவிட்டார். சில வாரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மேட்டு ஊரிலிருந்து அந்தப் பெண் மட்டும் எப்போதாவது வந்து தூணோரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் வந்த ஒரு மதியம்தான் மறுபடி பெட்டியில் வால்வு சூடேறியது.

அடுத்த கல்வியாண்டில் எனக்குப் படவேட்டுப் பக்கம் மாற்றல் கிடைத்தது. சந்தவாசலில் என் வீடு, அங்கிருந்து போய்வரலாம். நான் கேட்டு வாங்கிய மாற்றல்தான், ஆனாலும் சாமானைக் கட்டும்போது கை ஓடவில்லை. கடைசிச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்த பிறகு, சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நான் போய்ட்டா உங்களுக்கு என்னைத் தேடுமா சிஸ்டர்?"

இரண்டு வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் இருந்திருக்கிறோம். ஆமாம் என்று சொல்லிவிட அவருக்கு எத்தனை சுலபம் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தார்.

"தெரியல டீச்சர்," என்றார். "நீங்க போனாத்தானே தெரியும்."

அந்தப் பதிலோடு நான் ஜீப்பில் ஏறினேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வந்து, கேட்காமல் வண்டியை எடுத்தார்.

சந்தவாசலிலிருந்து பார்த்தாலும் அதே ஜவ்வாது மலைதான். கிழக்குப் பக்கம் நான், மேற்குப் பக்கம் அவர். ஆனால் பேருந்தில் வருவதென்றால் திருப்பத்தூர் இறங்கி, வேலூர் சுற்றி, போளூர் பஸ் பிடித்து வர ஒரு பொழுது ஆகிவிடும். நானும் போகவில்லை. போனால் என்னவென்று சொல்லிக்கொண்டு போவது?

புளி முற்றிக்கொண்டிருந்த சமயம், ஒரு மதியம். பள்ளி விடுமுறை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் நின்றார். கையில் ஒரு குடை, வேறு எதுவும் இல்லை. என் அம்மா பதறி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். சாப்பிடச் சொன்னோம், சாப்பிட்டார். குழம்பு எப்படி என்று அம்மா கேட்க, புளி தூக்கல் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

கை கழுவி வந்ததும் குடையை எடுத்துக்கொண்டார். மறுநாள் தடுப்பூசி போடும் நாள், மேட்டு ஊரில் இப்போது கதவைத் திறக்கிறார்கள், போயாக வேண்டும் என்றார். ஒரு நாள் தங்கிப் போகச் சொல்லி நாங்கள் கேட்டது எடுபடவில்லை. பேருந்து நிற்கும் இடம்வரை கூடப் போனேன். வேலூர் பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே டீச்சர்."

எனக்கு உடனே புரிந்தது.

"தேடுது," என்றார்.

அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். பஸ் வந்து நின்றது, ஏறிக்கொண்டார். மலை தெரிகிற பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு.